இரண்டாவது வாக்கியம்

வணக்கம் சார்,

திருவண்ணாமலை மாவட்டத்தில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. முதல் செமஸ்டரில் வகுப்பில் பாதி புரியாது. அதன்பின் மளமளவென்று முன்னேறினேன். இப்போது பாடம் புரிகிறது, மெதுவாகப் படித்தால் புத்தகமும் புரிகிறது. ஆனால் ஆறு மாதமாக அதே இடத்தில் நிற்கிறேன். பேச வாயெடுத்தால் இரண்டு சொல்லுக்கு மேல் வருவதில்லை. ஆங்கிலப் பேராசிரியர் தினமும் ஆங்கில நாளிதழில் தலையங்கம் படிக்கச் சொல்கிறார். வரிக்கு மூன்று சொல் தெரியவில்லை. நண்பர்கள் சப்டைட்டிலோடு படம் பார் என்கிறார்கள். இங்கே ஒரு சென்டரில் மூன்று மாத ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஆறாயிரம் ரூபாய். அப்பா தையல்காரர். கேட்டால் தந்துவிடுவார், அதனாலேயே கேட்கத் தயக்கமாக இருக்கிறது. 'ஏ' எங்கே 'தி' எங்கே என்பது இன்றுவரை குழப்பம். விடுதியில் பேசிப் பார்த்தால் "பீட்டர் விடாதடா" என்று சிரிக்கிறார்கள். தமிழ் வழியில் படித்ததுதான் தப்போ? அப்பாவின் கடையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதி இணைத்திருக்கிறேன். திருத்தித் தர முடியுமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் பத்திக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் என் கதை ஒன்று.

நானும் தமிழ் வழிதான். கல்லூரியில் வேதியியல். மூன்றாம் ஆண்டு செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். என் ப்யூரெட் அளவுகள் மூன்று முறையும் சொல்லிவைத்தாற்போல ஒன்றாக இருந்தன. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்: "டிட்ன்ட் யூ டேக் தீஸ் ரீடிங்ஸ் யுவர்செல்ஃப்?" நான்தான் எடுத்தேன், காலையிலிருந்து நின்று எடுத்தேன். அவர் கேட்டது எனக்குள் தமிழில் "இதை நீ எடுக்கலையா?" என்று விழுந்தது. "இல்ல சார், நான்தான் எடுத்தேன்" என்பது மனதில் தயாராக இருந்தது. வாயிலிருந்து வந்தது "நோ சார்." அதோடு சரி. அவர் தலையாட்டிவிட்டு ரெக்கார்டில் ஏதோ கிறுக்கினார். ஏன் தலையாட்டினார் என்று எனக்கு விளங்க இரண்டு வருடம் ஆனது.

எதிர்மறையாகக் கேட்டால் நாம் கேட்டவரின் நினைப்புக்குப் பதில் சொல்கிறோம்: நீங்கள் நினைப்பது தப்பு, ஆகவே 'இல்ல'. ஆங்கிலம் நடந்த காரியத்துக்குப் பதில் சொல்கிறது: எடுத்தாயா, அப்படியானால் 'யெஸ்'. தமிழ் முறைதான் எனக்கு இன்னமும் நியாயமாகப் படுகிறது, அது வேறு விஷயம். ஆனால் அன்று என்னைக் கவிழ்த்தது அந்த 'நோ' இல்லை. அதற்குப் பின்னால் "ஐ டுக் தெம்" என்று மூன்றே சொல் வந்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். இரண்டாவது வாக்கியம் வரவில்லை. உங்களுக்கும் நோய் அதேதான் என்று நினைக்கிறேன். முதல் வாக்கியம் மனப்பாடத்தில் இருக்கிறது. "மைசெல்ஃப்" என்று ஆரம்பித்து ஊர், அப்பா தொழில், பொழுதுபோக்கு வரை ஒப்பிக்கிறோம். எதிரே இருப்பவர் அதிலிருந்து ஒரு கேள்வி கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

ஆறு மாதமாக நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். நின்றிருக்க மாட்டீர்கள், நகர்வது தெரியவில்லை, அவ்வளவுதான். மொழித் திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கும் அளவுகோல் ஒன்றை ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்டது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதில் பி1, நடுப்படி. ஒன்றும் தெரியாதவர் பி1க்கு வர 350 முதல் 400 மணி நேரப் பயிற்சி, பி2க்கு 500 முதல் 600 மணி என்று கேம்பிரிட்ஜ் தேர்வுக்காரர்கள் ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள். இடையில் 150, 200 மணி. வாரம் ஐந்து மணி ஆங்கில வகுப்பு என்றால் ஒரு கல்லூரி ஆண்டு முழுதும் அதற்கே போய்விடும். அதுவும் அந்த ஐந்து மணியும் ஆங்கிலத்தில் நடந்தால். நடப்பது உங்களுக்கே தெரியும். பாடத்தில் ஒரு வரி வாசிப்பார்கள், "அதாவது என்னன்னா" என்று தமிழில் கதை சொல்வார்கள், இன்டர்னலுக்கு நோட்ஸ் கொடுப்பார்கள். அவர்களையும் குறை சொல்லிப் பயனில்லை. ஐம்பது நிமிட வகுப்பில் அறுபது பேர். ஆசிரியர் வாயையே திறக்காவிட்டாலும் ஆளுக்கு ஒரு நிமிடம் கிடைக்காது.

நகர்வது தெரியாமல் போவதற்கு இன்னொரு காரணம் சொற்களின் கணக்கு. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் முதல் இரண்டாயிரம் சொற்கள் தெரிந்தால் சாதாரணப் பக்கம் ஒன்றில் ஏறக்குறைய 80 விழுக்காடு தெரிந்த சொல்லாகிவிடும். முதல் வருடம் நீங்கள் பாய்ந்தது அந்தப் பகுதியில். இன்று படித்த சொல் நாளைக்கே கண்ணில் பட்டது. அடுத்த ஆயிரங்கள் அப்படி இல்லை. ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு மறுபடி அதைப் பார்க்க மாதம் ஆகும், அதற்குள் மறந்துவிடும். உழைப்பு அதே உழைப்புதான், பலன் மட்டும் சில்லறையாக வருகிறது.

இந்தக் கணக்கை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் மைக்கேல் வெஸ்ட். தாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். வங்காளப் பிள்ளைகளின் கையில் இருந்த ஆங்கிலப் புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் புதுச் சொல் கொட்டிக் கிடப்பதைக் கண்டார். புதுச் சொல்லை அளந்து, தெளித்துத் தெளித்துத் தரும் வாசிப்புப் புத்தகங்களை எழுதினார். சுமார் இரண்டாயிரம் அடிப்படைச் சொற்களின் பட்டியல் ஒன்றையும் 1953இல் வெளியிட்டார். அது உலகம் முழுக்கப் போனது. பிற்கால ஆய்வாளர்கள் கணக்கிட்டதில், ஒரு பக்கம் துணையின்றிப் புரிய வேண்டுமானால் 98 விழுக்காடு சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று வந்தது. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம்.

வரிக்கு மூன்று தெரியவில்லை என்கிறீர்கள். அப்படியானால் தலையங்கத்தை மூடி வைத்துவிடுங்கள். நாற்பது வருடமாகத் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் எல்லாரும் சொல்லும் அறிவுரை இது. சொல்பவர்களில் பாதிப் பேர் அதைப் படிப்பதில்லை என்பது என் சந்தேகம். அகராதியைப் புரட்டிப் புரட்டி ஒரு தலையங்கத்தைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகும், கடைசியில் என்ன படித்தோம் என்றும் நினைவிருக்காது.

அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலைத் தமிழில் கரைத்துக் குடித்திருப்பீர்கள். அதே புத்தகத்தின் ஆங்கில வழிப் பதிப்பும் தமிழ்நாடு பாடநூல் கழகம் போடுவதுதான், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதே படம், அதே சூத்திரம், அதே கணக்கு. பொருள் முன்பே தெரிந்ததால் புதுச் சொல் வந்தாலும் இடறாது. தனி ஊசலைப் பற்றிய பத்தியில் 'அஸ்யூம்' வந்தால் அது 'கொள்க' என்று அகராதி சொல்லாமலே தெரிந்துவிடும். 'டெரைவ்', 'கான்ஸ்டன்ட்', 'வேரி', 'ப்ரொபோர்ஷன்' எல்லாம் இப்படியே ஒட்டிக்கொள்ளும். பல்கலைக்கழகப் படிப்புக்கான ஆங்கிலம் பெரும்பாலும் இந்த வகைச் சொற்களால்தான் நெய்யப்பட்டிருக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் இவற்றைத் திரட்டினார். 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்), அவை மட்டுமே கல்விசார் எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இயற்பியல், வரலாறு, சட்டம் என்று எந்தத் துறைக்குப் போனாலும் கூடவே வரும் சொற்கள் அவை. உங்களுக்கு வேண்டியது இந்த ஆங்கிலம். தலையங்கம் பிறகு தானாக வரும்.

'ஏ', 'தி' பற்றிக் கேட்டிருந்தீர்கள். விதிகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு இந்த இரண்டு வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "கடைக்குப் போய்ப் புத்தகம் வாங்கினேன்." "கடைக்குப் போய்ப் புத்தகத்தை வாங்கினேன்." இரண்டாவதைச் சொன்னதும் கேட்பவருக்கு 'எந்தப் புத்தகத்தை?' என்று தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் கேட்பார். நமக்கும் அவருக்கும் பொதுவாகத் தெரிந்த ஒன்றைத்தான் அந்த 'ஐ' தொட்டுக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் 'தி' செய்யும் வேலையில் ஒரு பகுதி இது. உயிரில்லாப் பொருள் செயப்படுபொருளாக வரும் இடத்தில்தான் இந்த ஒப்புமை ஓடும். எழுவாயில் கைகொடுக்காது, மலைக்கும் ஆற்றுக்கும் ஆங்கிலம் வைத்திருக்கும் வழக்கங்களுக்கும் கைகொடுக்காது. ஆனாலும் இந்த வேறுபாடே தமிழனுக்குப் புரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூன்று வயதிலிருந்து அதைத் தப்பில்லாமல் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தமிழ் வழியில் படித்தது தப்பா என்ற கேள்விக்கும் என் பதில் இதுதான்.

இனி பேச்சு. என்.எஸ். பிரபு என்று ஒருவர், சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். 1979 முதல் ஐந்து வருடம் பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளி வகுப்புகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். 'பெங்களூர்த் திட்டம்' என்று மொழி கற்பித்தல் துறையில் எல்லாருக்கும் தெரியும், நம் ஊரில்தான் பேச்சே இல்லை. அந்த வகுப்புகளில் இலக்கணப் பாடம் கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இத்தனை மணிக்குள் போய்ச் சேர எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று கேட்பார்கள். வரைபடம் கொடுத்து வழி கேட்பார்கள். பிள்ளைகளின் கவனம் முழுக்க வண்டியைப் பிடிப்பதில் இருக்கும், ஆங்கிலம் அதற்குள் புகுந்துகொள்ளும் என்பது அவர் கணிப்பு. பிறகு வெளியார் வந்து மதிப்பிட்டார்கள். இலக்கண அமைப்புகளைச் சோதித்த தேர்வில் பழைய முறையில் படித்தவர்கள் முந்தினார்கள். காரியம் முடிக்கும் தேர்வில் பிரபுவின் பிள்ளைகள் முந்தினார்கள். எதில் பழகினார்களோ அதில் தேறினார்கள்.

உங்கள் ஊர் சென்டரை எனக்குத் தெரியாது, பொதுவாகவே சொல்கிறேன். நான் பார்த்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் பழக்குவது முதல் வாக்கியத்தைத்தான். குட் மார்னிங், மைசெல்ஃப், மை ஹாபி. அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆறாயிரத்தை அப்பாவிடமே இருக்க விடுங்கள்.

"பீட்டர் விடாதடா" என்பவர்கள் மேல் கோபப்படவும் வேண்டாம். அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. சாப்பாட்டு வரிசையில் நின்று "வாட் இஸ் த சாம்பார் டுடே" என்றால் எனக்கே சிரிப்பு வரும். எதிரே இருக்கும் அண்டாவைப் பற்றி ஆங்கிலத்தில் விசாரிக்க ஒரு தேவையும் இல்லை. தேவை இருக்கும் இடத்தில் பேசுங்கள். லேப் பார்ட்னர் ஒருவர் இருப்பார் இல்லையா? ரெக்கார்டு எழுதும் முன்பு இருபது நிமிடம். திருகு அளவியில் சுழிப்பிழை எப்படிப் பார்த்தீர்கள் என்று நீங்கள் அவருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவர் வேண்டுமென்றே "ஒய்?" என்று குறுக்கே கேட்க வேண்டும். அந்த 'ஒய்'க்குச் சொல்லும் பதில்தான் உங்கள் இரண்டாவது வாக்கியம். தப்பும் தவறுமாகத்தான் வரும், வரட்டும். வைவாவில் இதையேதான் கேட்பார்கள் என்பதால் விடுதியிலும் யாரும் சிரிக்கமாட்டார்கள். சிரித்தவனே நாலாம் நாள் வந்து உட்கார்ந்துகொள்வான்.

படம் பாருங்கள், சந்தோஷத்துக்காக. தமிழ் சப்டைட்டில் போட்டுப் பார்த்தால் தமிழ்தான் வேகமாகப் படிக்க வரும்.

இப்போது உங்கள் பத்தி. முதல் ஐந்து வரியில் பிழையே இல்லை, எனக்கு ஆர்வமும் இல்லை. "மை நேட்டிவ் ப்ளேஸ் இஸ் எ பியூட்டிஃபுல் வில்லேஜ்" என்பதை எங்கேயோ கட்டுரை நோட்டில் நானும் எழுதியிருக்கிறேன். ஆறாவது வரியில் கரண்ட் போகிறது. மோட்டார் நின்றுவிடுகிறது. அப்பா பெல்ட்டை மாற்றிவிட்டுப் பழையபடி மிதிக்க ஆரம்பிக்கிறார். அதற்கு நீங்கள் எழுதியது: "மை ஃபாதர் லெக் இஸ் கோயிங் அப் அண்ட் டவுன், தெர்ஃபோர் த வீல் இஸ் கோயிங் ரவுண்ட்." இதில் பிழைகள் உண்டு. 'ஃபாதர்'ஸ்' என்று வர வேண்டும், இரண்டு 'இஸ் கோயிங்'கும் 'கோஸ்' ஆக வேண்டும். ஆனால் அந்த 'தெர்ஃபோர்' இயற்பியல் மாணவனுடையது. மேலும் கீழும் போகிற ஒன்று சுற்றுகிற ஒன்றாக மாறுவதை எந்த நோட்ஸிலிருந்தும் நீங்கள் எடுக்கவில்லை. அந்த மிதிக்கு ஆங்கிலத்தில் டிரெடில் என்று பெயர். சொல் தெரியாததால்தான் நீங்கள் அதை விவரிக்க வேண்டி வந்தது, அதனால் எனக்கு மெஷின் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த இரண்டு பிழைகளைத் தவிர வேறெதையும் நான் திருத்தவில்லை. அடுத்த கடிதத்தில், நூல்கண்டிலிருந்து ஊசி வரைக்கும் அப்பா எப்படி நூல் கோக்கிறார் என்று படிப்படியாக ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள். கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே எழுதுங்கள். பாபின், டென்ஷன் என்று அப்பா சொல்வதில் பாதி ஆங்கிலம்தான். காஜா மட்டும் இல்லை, அதை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். கடைசிப் படியில் ஓர் இடத்தில் நிற்பீர்கள், ஆகவே சொல்லிவிடுகிறேன். நாம் ஊசியின் காது என்கிறோம். அவர்கள் அதைக் கண் என்கிறார்கள்.

அன்புடன்.