ரைபிள் குழலைச் சுத்தம் செய்வது: கேள்வி பதில்

கே: புதிதாக .22 ரைபிள் சுட ஆரம்பித்திருக்கிறேன். குழலைச் சுத்தம் செய்ய ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். எது சரி?

முதலில் போல்ட்டைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலிதானா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ராடு பின்பக்கத்திலிருந்து மட்டுமே நுழைய வேண்டும். மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் அலுமினிய ராடு வேண்டாம். இணைப்பு உள்ளே உரசும், மெத்தென்ற அலுமினியத்தில் மண் பதியும். மேலுறை போட்ட ஒற்றை ராடும், அது ஆடாமல் நுழைய ஒரு கைடும் வாங்குங்கள். சால்வென்ட்டில் (அழுக்கைக் கரைக்கும் திரவம்) நனைத்த பேட்ச் (சின்னத் துணித்துண்டு) முனைக்கு வெளியே வந்ததும் கழற்றிவிட்டு, ராடை மெதுவாகப் பின்னிழுத்து, துடைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். பிரஷ் என்றால் வெண்கலம்தான். பாதிக் குழலில் திசை திருப்பாதீர்கள்.

குழலின் முனையைக் கண்போலக் காப்பாற்றுங்கள். குண்டு கடைசியாகத் தொடும் விளிம்பு அது. ஒரு பக்கம் தேய்ந்தால் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு வெளியேறி, குண்டைத் தள்ளிவிடும். நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பையனின் குரூப் (குண்டுகள் விழும் வட்டம்) விரிந்துகொண்டே போனது. முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கீழ்விளிம்பு மட்டும் மழுங்கிப் பளபளத்தது. முன்பக்கமாகவே ராடு விட்டிருக்கிறான்.

கே: ஏர் ரைபிள் குழலுக்கு எண்ணெய் விடலாமா?

கூடாது. ஸ்பிரிங் ரைபிளில் அழுத்தக் காற்றின் சூட்டில் எண்ணெய் டீசல் எஞ்சினில்போலப் பற்றும். உலர்ந்த ஃபெல்ட் போதும்.

கே: தேங்காய் எண்ணெய்?

வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும்.

கே: பேட்ச் நீலமாகவே வருகிறது. குழலில் படிந்த செம்பு இன்னும் போகவில்லையா?

சுடுவது வெறும் ஈயக் குண்டு என்றால் செம்பு எங்கிருந்து வரும்? உங்கள் வெண்கல பிரஷ்தான் சால்வென்ட்டில் கரைகிறது.

கே: அவசரத்துக்கு முன்பக்கமாக ராடு விடலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கே: நான் என்.சி.சி.யில் பயிற்சி கொடுத்தவன். .303 ரைபிளுக்குக் கொதிநீர் ஊற்றி, புல்த்ரூவில் (குழல்வழியே இழுக்கும் கயிறு) ‘சிந்தி’ என்கிற துணித்துண்டைக் கட்டி இழுப்போம். அதைவிடச் சிறந்த முறை உண்டா?

கொதிநீர் சரிதான் ஐயா. பழைய .303 தோட்டாவின் பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்து உப்பாகக் குழலில் படியும். அந்த உப்பு ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். இன்றைய .22 தோட்டாவுக்கு அது தேவையில்லை.

புல்த்ரூவைத்தான் நான் ஏற்கவில்லை. பின்னாலிருந்து விட்டாலும் கயிறு உரசுவது முனையில்தான்.

கே: முப்பது வருஷம் இழுத்தோம், ஒரு ரைபிளும் கெடவில்லையே?

நேராக இழுத்திருப்பீர்கள். மண் படிந்த கயிறு அரம் மாதிரி. பையன்கள் அவசரத்தில் சாய்த்து இழுத்தால் விளிம்பில் பள்ளம் விழும். அந்தக் காலத்து ஆர்மரர்களே (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்கள்) அதை ‘கார்டு வேர்’ (கயிற்றுத் தேய்மானம்) என்று பெயரிட்டுக் கவனித்தார்கள். புல்த்ரூதான் இருக்கிறது என்றால் கயிற்றைத் துவைத்துக் காயவைத்து, குழலின் நேர்கோட்டிலேயே இழுக்கச் சொல்லிக்கொடுங்கள் ஐயா.

கே: எத்தனை ரவுண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்?

உங்கள் ரைபிள்தான் சொல்லும். ஒவ்வொரு நாளும் குரூப்பைக் குறித்து வையுங்கள். விரியத் தொடங்கும்போது செய்யுங்கள்.

கே: முன்பக்கமாக விட்டால் உண்மையிலேயே கெடுமா?

கெடும்.