கடலாமை வாலண்டியர் வேலைக்கு வெளிநாடு போறதப்பத்தி கேட்டதும் சொன்னதும்

குளச்சல் பக்கத்துக் கடப்புறத்துல பொறந்தவன் நான். கோஸ்டாரிகாவுல, கரீபியன் கரையில ரெண்டு மாசம் ஆமை பாதுகாப்பு வேலை பாத்துட்டு வந்தேன். வந்ததுலேர்ந்து ஆளாளுக்கு கேக்காங்க, எல்லாருக்கும் சேத்து இங்கயே சொல்லிருதேன்.

நாகர்கோவில்ல விலங்கியல் படிக்கிற தங்கச்சி: அண்ணா, அங்க என்னதான் வேலை?

ராத்திரி வேலைம்மா. எட்டு மணிக்கு ஒரு செட், பன்னெண்டு மணிக்கு இன்னொரு செட், கறுப்பு டிரஸ் போட்டுட்டு வெளிச்சமே இல்லாம மணல்ல நடக்கணும், ரொம்ப தேவைன்னா செவப்பு லைட். வெள்ளை வெளிச்சம் பட்டா கரையேறுன ஆமை முட்டையிடாமலே திரும்பிரும். பேராமை, அதான் பச்சை ஆமை, குழி தோண்டி முட்டைவிட ஆரம்பிச்ச பொறவுதான் கிட்ட போவோம், அப்ப அது சுத்தி நடக்கத அவ்வளவா கவனிக்காது. நான் பின்னால குப்புறப் படுத்து குழிக்குள்ள கைய நீட்டிட்டு ஒவ்வொரு முட்டைக்கும் கையில இருக்க எண்ணுற கருவிய ஒரு தட்டு தட்டுவேன், நூறு தாண்டிப் போவும். பொறவு ஆமையோட முதுகு ஓட்ட அளந்து, துடுப்பு மாதிரி இருக்க கால்ல டேக் (அடையாளத் தகடு) நம்பர் இருக்கான்னு பாத்து எழுதணும். சில ராத்திரி மழையில நடந்ததுதான் மிச்சம், ஒரு ஆமையும் வராது, வரலன்னு எழுதுறதும் கணக்குதான். கோஸ்டாரிகாவுல டோர்ட்டுகேரோங்குற கரையில ஆர்ச்சி கார்ங்குற அமெரிக்க ஆமை விஞ்ஞானி 1955ல டேக் போட ஆரம்பிச்சாரு, அப்பலேர்ந்து எழுதுன கணக்கு இருக்கதாலதான் அங்க ஆமை கூடுதா குறையுதான்னு இன்னைக்கு சொல்ல முடியுது.

மார்த்தாண்டம் தம்பி: எந்த மாசம் போலாம்? காசு குடுத்து வேலை செய்யணுமாமே?

பேராமைக்கு ஜூலைலேர்ந்து அக்டோபர், ஏழுவரி ஆமைக்கு (லெதர்பேக்) மார்ச்லேர்ந்து ஜூன். காசு, ஆமா, சாப்பாட்டுக்கும் தங்குறதுக்கும் நாமதான் குடுக்கணும், மாசக்கணக்குல தங்கி ரிசர்ச் அசிஸ்டென்டா சேந்தா சில இடத்துல அது ஃப்ரீ. டிக்கெட்தான் பெரிய செலவு, நேரா ஃப்ளைட் கிடையாது. அமெரிக்கா வழியா போனா ஏர்போர்ட்ல மாறுறதுக்கே விசா வேணும், அதப் பாக்காம டிக்கெட் போட்டுராத. கோஸ்டாரிகா விசாவுக்கு டெல்லி எம்பசி.

இரணியல் அக்கா: நல்ல இடம்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

ஒரே ஒரு கேள்வி கேளுங்கக்கா: குஞ்சு பொரிச்சா என்ன செய்வீங்க? அன்னைக்கு ராத்திரியே கடல்ல விட்டுருவோம்னு சொன்னா சரி. தொட்டியில வச்சிருக்கோம், கையில எடுத்து ஃபோட்டோ புடிக்கலாம்னு சொன்னா தயவுசெஞ்சு போவாதீங்க. பொரிச்ச குஞ்சுக்கு வயித்துல மஞ்சக்கரு மிச்சம் இருக்கும், அந்தத் தெம்புலதான் முதல் ஒரு நாள் நிக்காம நீந்தி ஆழத்துக்குப் போவும், தொட்டியில சுத்தவிட்டா அந்தத் தெம்பு அங்கயே தீந்துரும். முட்டைய எடுத்து மாத்துற இடம்னா எத்தன மணி நேரத்துல மாத்துறாங்கன்னும் கேளுங்க, இட்டு சில மணி நேரம் போயிட்டா உள்ள கரு தோட்டோட ஒட்டிரும், அதுக்குப் பொறவு உருட்டுனா செத்துரும். சூடும் முக்கியம், மணல் கிட்டத்தட்ட 29 டிகிரிக்கு மேல போனா பொட்டக்குஞ்சுதான் கூட வரும். அதான் நல்ல ஹேச்சரியில, முட்டைய மாத்தி வச்சு பொரிக்க விடுற இடத்துல, நிழல் போட்டிருப்பாங்க.

ஒரு அம்மா: பொம்பளப்பிள்ளைய அனுப்பலாமா?

மறைக்காம சொல்லுதேன் அம்மா. 2013 மே மாசம் கோஸ்டாரிகாவுல லிமோன் ஊர் பக்கத்துல மொயின் கடற்கரையில ஹைரோ மோரான்னு ஆமை காத்துட்டிருந்த 26 வயசுப் பையன கொன்னுட்டாங்க, அவன்கூட வெளிநாட்டு வாலண்டியர் பிள்ளைங்க நாலு பேரும் இருந்தாங்க. நான் இருந்த கரை அந்த மாதிரி இல்ல, ஆனா முட்டை எடுக்க ஆள் எங்கயும் வரும். உள்ளூர் லீடர் இல்லாம ரோந்து போகச் சொல்ற இடம் வேண்டாம். முட்டை எடுக்கவனப் பாத்தா சண்டைக்குப் போவாம ஒதுங்கிரணும்னு பிள்ளைகிட்ட சொல்லி அனுப்புங்க.

ஓமன்ல போட்டுக்குப் போற அண்ணன்: அவ்வளவு தூரம் போவணுமாடே?

வேண்டாம்ணே, உங்களுக்கு பக்கத்துலயே ராஸ் அல் ஜின்ஸ் இருக்கு, அங்க பேராமை கரையேறும். மசீரா தீவு பெருந்தலை ஆமைக்கு உலகத்துலயே பெரிய இடங்கள்ல ஒண்ணு. லீவுல மொதல்ல அத போயிப் பாருங்க.

தூத்தூர் மாமா: மடி வலையில ஆமை மாட்டி மயங்கிக் கெடந்தா என்ன மக்கா செய்ய?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன் மாமா. செத்துட்டுன்னு நெனச்சு உடனே கடல்ல தூக்கிப் போட்டுராதீங்க, நெறய ஆமை தண்ணி குடிச்சு மயங்கித்தான் கெடக்கும். மல்லாத்தவும் கூடாது, நெஞ்சுல அமுக்கவும் கூடாது. வயிறு கீழ இருக்குற மாதிரி வச்சு, பின்பக்கத்த அரை அடி உசத்தி ஏதாவது அண்டை குடுங்க, நுரையீரல்ல போன தண்ணி வடியும். நிழல்ல வச்சு ஈரச்சாக்கு போடுங்க, மூக்க மூடாம. ஒரு நாள் வரைக்கும் பொறுத்துப் பாக்கலாம். துடுப்ப ஆட்ட ஆரம்பிச்சா மடி இழுக்காத நேரமாப் பாத்து, எஞ்சின நியூட்ரல்ல வச்சு, பின்பக்கமா மெதுவா இறக்கி விடுங்க. தை, மாசி, பங்குனில நம்ம கரைக்கு முட்டையோட தாய் ஆமையும் வரும்.