கொடைப் பணமும் சிறு நகராட்சியும்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

வெளிநாட்டு நிதியில் நடக்கும் நகராட்சித் திட்டங்களில் கணக்கு, ஒப்பந்தம், தணிக்கை என்று இருபது வருடத்துக்கு மேல் காலம் தள்ளியவன் நான். பின்தங்கிய பகுதி நகராட்சிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. பொது நிர்வாகம் படிக்கும் மாணவி நான். உலக வங்கி போன்றவை நகராட்சிக்கு நேரடியாகப் பணம் கொடுக்குமா?

பதில்: பெரும்பாலும் கொடுக்காது. கடன் தேசிய அரசுக்குத்தான் போகும். ஏழை நாடு என்றால், உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச வளர்ச்சிச் சங்கம் மிகக் குறைந்த செலவில் நீண்ட தவணைக்குக் கொடுக்கும், சில நாடுகளுக்கு மானியமாகவே கொடுக்கும். அரசு அதை நகராட்சிக்கு மானியமாகவோ மறுகடனாகவோ கைமாற்றும். மறுகடன் என்றால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: டாலர் விலை ஏறினால் அந்தச் சுமை யார் தலையில் விழும்? நகராட்சி வசூலிப்பது உள்நாட்டுப் பணம். அந்த ஒரு வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் நகரசபை உறுப்பினர். எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே தனியாகத் திட்ட அலுவலகம் திறந்திருக்கிறார்கள். ஏசி, வண்டி, நல்ல சம்பளம். எங்கள் கணக்காளரும் அங்கே போய்விட்டார். வேலை மட்டும் வேகமாக நடக்கிறது. இது நல்லதா கெட்டதா?

பதில்: வேகமாக நடப்பது உண்மை. கொடையாளரின் கொள்முதல் விதிகள், அறிக்கைப் படிவங்கள் எல்லாம் தெரிந்த பத்துப் பேரை ஓர் அறையில் உட்கார வைத்தால் டெண்டர் நகரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் உங்கள் நகராட்சியில் இருந்த கெட்டிக்காரர்கள். திட்டம் முடிந்ததும் அவர்கள் பழைய நாற்காலிக்குத் திரும்புவதில்லை, அடுத்த திட்டத்துக்குப் போவார்கள். நகராட்சிக்கு மிஞ்சுவது ஒரு அலமாரி நிறைய கோப்பு.

இது கொடையாளர்களுக்கும் தெரியாத விஷயமில்லை. 2005 பாரிஸ் பிரகடனத்தில், இப்படி அரசுக்கு இணையாக ஓடும் திட்ட அலுவலகங்களை 2010க்குள் மூன்றில் இரண்டு பங்கு குறைப்பதாக ஒப்புக்கொண்டார்கள். இலக்கு எட்டப்படவில்லை.

உங்களால் அந்த அலுவலகத்தை மூட முடியாது. அதனால் இரண்டு நிபந்தனைகளைக் கேளுங்கள். ஒன்று, பணம் கொடுக்கும் ஒவ்வொரு பில்லும் நகராட்சிப் பொறியாளர் அளவெடுத்துக் கையெழுத்திட்ட பிறகே போக வேண்டும். அப்புறம், திட்டக் கணக்கு நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்திலும் ஏற வேண்டும். இரண்டாவதற்கு நிறைய முணுமுணுப்பு வரும், விடாதீர்கள்.

கேள்வி: சார், கட்டியது எல்லாம் ஐந்து வருடத்தில் பழுதாகிறது. தரம்தான் காரணமா?

பதில்: சில இடத்தில் தரம். பல இடத்தில் பராமரிப்புக்குப் பணம் இல்லாததுதான். கட்டுவதற்குக் கொடையாளர் தருவார், திறப்பு விழாவுக்கும் வருவார். மோட்டார் ரீவைண்டிங்குக்கும் பம்ப் ஆபரேட்டர் சம்பளத்துக்கும் வரமாட்டார். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் கைப்பம்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று எந்த நேரத்திலும் ஓடாமல் கிடக்கிறது என்ற மதிப்பீடு 2009 வாக்கில் வந்து, இந்தத் துறையையே கொஞ்சம் உலுக்கியது.

நான் வேலை பார்த்த ஒரு நகராட்சிக்கு அமுக்கி ஏற்றும் குப்பை லாரி வந்தது. அழகான வண்டி. அந்த ஊர்க் குப்பையோ பாதிக்கு மேல் ஈரமான உணவுக் கழிவு, அதில் அமுக்க என்ன இருக்கிறது? தண்ணீர் தெருவெல்லாம் ஒழுகியது. ஒரு ஹைட்ராலிக் பாகம் உடைந்ததும், மாற்றுப் பாகம் வேறு கண்டத்திலிருந்து வர வேண்டும் என்றார்கள். பழைய டிராக்டர்கள்தான் ஊரைக் காப்பாற்றின. அந்த லாரியைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் துப்புரவுப் பிரிவிலிருந்து ஒருவர்கூட இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கேள்வி: மக்கள் குழு போட்டுக் கண்காணித்தால் ஊழல் குறையும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இந்தோனேசியாவில் உலக வங்கிக் கடனில் நடந்த கெசமத்தான் (துணை மாவட்ட) வளர்ச்சித் திட்டத்தில், அறுநூறுக்கும் மேற்பட்ட கிராமச் சாலைகளைப் பொறியாளர்கள் தோண்டி மாதிரி எடுத்தார்கள். எவ்வளவு கல், மணல் உண்மையில் போட்டிருக்கிறது என்று கணக்கிட்டு, பில்லோடு ஒப்பிட்டார்கள். தணிக்கை நிச்சயம் வரும் என்று முன்கூட்டியே சொன்ன கிராமங்களில், காணாமல் போகும் பணம் சுமார் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. கூட்டத்துக்கு மக்களை அதிகம் அழைத்த இடங்களில் மொத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை. கூலியில் திருட்டு குறைந்தது, பொருளில் குறையவில்லை. தன் கூலி குறைந்தால் தொழிலாளிக்குத் தெரியும், ஜல்லி குறைந்தால் யாருக்குத் தெரியும்? இன்னொரு வேடிக்கை, தணிக்கை வந்த ஊர்களில் பொறுப்பாளர்களின் உறவினர்களுக்கு வேலை கொடுப்பது கூடியதாம்.

உகாண்டா கதையையும் பலர் கேட்டிருந்தீர்கள். 1991 முதல் 1995 வரை பள்ளிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு ஒதுக்கீட்டை நாளிதழ்களில் வெளியிட்டார்கள், நிலைமை வெகுவாகச் சீரானது. ஆனால் அதே காலத்தில் மானியம் கொடுக்கும் முறையே மாற்றப்பட்டது. பத்திரிகை விளம்பரம் ஒன்றே சாதித்தது என்று மேடையில் யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே மாதிரி மக்களே பட்ஜெட் போடும் முறையை எங்கள் ஊரில் கொண்டுவரலாமா?

பதில்: கொண்டுவரலாம், செலவழிக்க ஏதாவது இருந்தால். அங்கே 1989இல் தொடங்கியபோது ஒரு கட்சி தன் அரசியல் பலத்தை அதன் பின்னால் வைத்தது, நகருக்குச் சொந்த வருவாயும் இருந்தது. கையில் ஒன்றும் இல்லாத நகராட்சி மக்களைக் கூட்டி விருப்பப் பட்டியல் வாங்கினால், அடுத்த வருடம் கூட்டத்துக்கு ஆள் வராது.

கேள்வி: சொந்த வருவாய், சொந்த வருவாய் என்கிறீர்கள். ஏழை ஊரில் வரி எப்படி வசூலிப்பது?

பதில்: ஏழை ஊரிலும் மாடி வீடு உண்டு, அது பதிவேட்டில் இருக்காது. சியரா லியோனின் ஃப்ரீடவுனில் 2020 வாக்கில் சொத்து வரியைச் சீர்திருத்தினார்கள். செயற்கைக்கோள் படம் வைத்து விடுபட்ட கட்டடங்களைக் கண்டுபிடித்தார்கள். விலை மதிப்பீட்டாளர்களைத் தேடாமல், கூரை, சுவர், சாலை வசதி என்று வெளியே தெரியும் அம்சங்களுக்கு மதிப்பெண் போட்டு வரியை நிர்ணயித்தார்கள். பெரிய வீடுகளுக்குக் கூடியது, எளிய வீடுகள் பலவற்றுக்குக் குறைந்தது. என்னைக் கேட்டால், இன்னொரு பேருந்து நிலையத்தைவிட இப்படி ஒரு வேலைக்குக் கொடை நிதி போவது எவ்வளவோ மேல். ஆனால் வரிப் பதிவேட்டுக்கு ரிப்பன் வெட்ட முடியாது, அதுதான் சிக்கல்.

கேள்வி: நன்றாகச் செயல்படும் நகராட்சிக்கு அதிக மானியம் என்பது நியாயமா? பின்தங்கியது மேலும் பின்தங்காதா?

பதில்: அந்த ஆபத்து இருக்கிறது. உகாண்டாவில் தொண்ணூறுகளின் இறுதியில் ஐந்து மாவட்டங்களில் தொடங்கிய சோதனையில், அடிப்படைத் தொகை மக்கள்தொகைக்கு ஏற்ப வந்தது, செயல்பாட்டைப் பொறுத்து 20 சதவீதம் கூடும் அல்லது குறையும். வங்கதேசத்தில் யூனியன் பரிஷத் என்னும் ஊரக உள்ளாட்சி மன்றங்களுக்கு நேரடியாக வங்கிக் கணக்கில் மானியம் போட்டு, தணிக்கையை நிபந்தனையாக வைத்தார்கள். அடிப்படைத் தொகை பெரிதாகவும் பரிசு சிறிதாகவும் இருக்கும்வரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேள்வி: நகராட்சி எல்லாம் சரியாகச் செய்தும் மேலே உள்ள அரசு தடுத்தால்?

பதில்: தடுக்கும். செனகலின் டாக்கார் நகரம் வெளிநாட்டு ஆதரவோடு கணக்குகளைச் சீர்செய்து, கடன் தரமதிப்பீடும் வாங்கி, 2015இல் சந்தையில் கடன் பத்திரம் வெளியிடத் தயாரானது. கடைசி நேரத்தில் தேசிய அரசு நிறுத்திவிட்டது. மேயர் ஆளும் கட்சிக்குப் போட்டியானவர். இதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கேள்வி: அமெரிக்க வளர்ச்சி உதவி முகமை 2025இல் மூடப்பட்டதும் எங்கள் குடிநீர்த் திட்டம் பாதியில் நிற்கிறது. இப்போது என்ன செய்வது அண்ணா?

பதில்: முதலில் காகிதம். வரைபடங்கள், அளவுப் புத்தகம், மண் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் கன்சல்டன்ட் அலுவலகம் காலியாவதற்குள் வாங்குங்கள். குழாய், பம்ப், வண்டி யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள், நகராட்சி பெயருக்கு எழுத்தில் மாற்றாமல் தொடாதீர்கள். ஒப்பந்தக்காரருக்கு யார் பாக்கி என்பதையும் எழுத்தில் கேளுங்கள், இல்லையென்றால் வழக்கு உங்கள் மீது வரும். பிறகு மொத்தத் திட்டத்தையும் முடிக்கப் பார்க்காமல், ஏற்கனவே குழாய் பதித்த பகுதிகளில் எதற்காவது இருக்கும் தண்ணீரை வைத்தே இணைப்புக் கொடுக்க முடியுமா என்று உங்கள் பொறியாளரை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு வார்டு என்றாலும் சரி. தோண்டிப் போட்ட பள்ளங்களை மழைக்கு முன் மூடிவிடுங்கள்.