உரத்தொட்டியில் புழுவா? மூடிவிடாதீர்கள்!

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குப்பை, கரண்ட் பில், தண்ணீர் பற்றித்தான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் செய்து பார்த்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். பால்கனியில் மண்தொட்டி வைத்து ஒரு மாதமாகக் காய்கறிக் கழிவைப் போட்டு வருகிறேன். நாற்றம் தாங்க முடியவில்லை. நேற்று மூடியைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிகிறது. "ஃபிளாட்டுக்கு இதெல்லாம் சரிப்படாது, தூக்கிப் போடு" என்கிறார் கணவர். விட்டுவிடட்டுமா?
- வாசகி, வேளச்சேரி

விட வேண்டாம் அம்மா. உங்கள் தொட்டி கெட்டுப்போகவில்லை. ஈரம் கூடிவிட்டது, அவ்வளவுதான். என் முதல் தொட்டியும் இதே மாதிரி நாறியது. அன்றைக்கு அதைத் தூக்கிப் போட்டிருந்தால், இன்றைக்கு என் மாடியில் ஒரு கத்தரிச் செடிகூட இருந்திருக்காது.

தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டுகிறதா? அப்படியென்றால் ஈரம் அதிகம். பிழிந்து காயப்போட்ட துண்டு மாதிரி கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. சுரைக்காய்த் தோல், பூசணிக் குடல், தர்பூசணிப் பட்டை எல்லாமே பெரும்பகுதி தண்ணீர்தான். அழுகும்போது அந்தத் தண்ணீர் வெளியே வந்து இண்டு இடுக்கெல்லாம் நிரம்பிவிடும். காற்று நுழைய வழியில்லாமல் போகும். காற்றோடு வாழும் நுண்ணுயிர்கள் அடங்கி, காற்றில்லாமல் வாழ்கிறவை பெருகும். அவை வேலை செய்வதால் வருகிற நாற்றம்தான் அது.

பால்கனியில் பழைய போர்வை ஒன்றை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். அடியில் துளை அடைத்திருக்கிறதா என்று பார்த்துக் குத்தி விடுங்கள். அடியில் நாலைந்து கொட்டாங்கச்சித் துண்டு போடுங்கள். கொட்டியதோடு காய்ந்த இலையும் தேங்காய் நார்த்தூளும் தாராளமாகச் சேர்த்துக் கிளறி, திரும்ப நிரப்புங்கள். இரண்டு மூன்று நாளில் நாற்றம் குறையும். அதற்குப் பிறகு, ஒரு பங்கு கழிவு போட்டால் ஒரு பங்கு காய்ந்த பொருளும் போட வேண்டும். கடைசிக் கைப்பிடி எப்போதும் காய்ந்ததாக இருக்கட்டும். மூடியைத் திறந்தால் தோலோ காம்போ கண்ணில் படக் கூடாது. திறந்து கிடக்கிற கழிவில்தான் ஈ முட்டை வைக்கும். நீங்கள் பார்த்த வெள்ளைப் புழு அந்த ஈயின் குஞ்சுதான். அதுவும் கழிவைத் தின்று மட்க வைக்கவே உதவுகிறது. ஈரம் வற்றினால் தானாகக் குறைந்துவிடும். மருந்து எதுவும் அடித்துவிடாதீர்கள்.

மிஞ்சிய சாம்பார், எண்ணெய்ப் பலகாரம், மீன், கறி இவற்றைப் போடாதீர்கள். வாரம் ஒருமுறை கிளறி விடுங்கள். மட்குவது மெதுவாக இருக்கிறது என்று தோன்றினால், புளித்த மோரைத் தண்ணீர் கலந்து லேசாகத் தெளித்தால் போதும். இரண்டு மூன்று மாதத்தில் கருகருவென்று, மழை பட்ட மண் வாசனையோடு உரம் கிடைக்கும்.

ஃபிளாட்டில் காய்ந்த இலைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். காலையில் தெருவைப் பெருக்க வருகிறவரிடம் கேளுங்கள், ஒரு சாக்கு இலை தருவார். அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டாலும் சரிதான். இந்த இலை கொண்டு வரும் வேலையை உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒருவரே சுமந்தால் மூன்றாவது மாதத்தில் எந்தத் தொட்டியும் நின்றுபோகும். பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். உங்கள் தொட்டியில் நடந்ததுதான் பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் மலையளவில் நடந்தது. காற்றுப் படாமல் அழுகும் ஈரக் குப்பையிலிருந்து மீத்தேன் கிளம்பும், அது எரியக்கூடிய வாயு. 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது உங்கள் பகுதிக்காரர்களுக்கு மறந்திருக்காது. அந்தக் கிடங்கை ஒட்டியே இருக்கிறது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அதே ஆண்டில்தான் அதற்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. உங்கள் வீட்டுக் காய்கறித் தோல் அங்கே போகாமல் இருப்பதே பெரிய காரியம்.

இரண்டு மாதத்துக்கு 530 யூனிட் வருகிறது. வீட்டில் ஐந்து மின்விசிறி. எல்லாவற்றையும் கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. விசிறியாக மாற்றிவிடலாமா?
- வாசகர், ஈரோடு

எல்லாவற்றையும் வேண்டாம். எது அதிக நேரம் சுற்றுகிறதோ அதை மட்டும் முதலில் மாற்றுங்கள்.

பழைய விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். புதியது 30 வாட் அளவில் முடித்துவிடும். கூடத்தில் நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் விசிறியை மாற்றினால், 60 நாளில் 40 யூனிட் மிச்சம். ஒரு மணி நேரம் மட்டும் ஓடும் விருந்தினர் அறை விசிறியை மாற்றினால் மூன்று யூனிட்கூட மிஞ்சாது. நன்றாக ஓடுகிற விசிறியைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதும் ஒரு வகைக் குப்பைதான்.

உங்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் கட்டணமும் ஏறிவிடும். ஒரே ஒரு விசிறி உங்களை அந்தக் கோட்டுக்குக் கீழே கொண்டுவந்துவிடும். புது விசிறி மாட்டும்போது சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரை எடுத்துவிடச் சொல்லுங்கள். அதோடு சேர்த்து ஓட்டக் கூடாது.

அப்புறம், ஃபிரிட்ஜ் கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. ரப்பரை மட்டும் மாற்றினால் போதும், ஃபிரிட்ஜை மாற்ற வேண்டாம்.

கல்லூரியில் படிக்கிறேன். மூங்கில் பல்துலக்கி, ஸ்டீல் உறிஞ்சுகுழல் எல்லாம் வாங்கிவிட்டேன். வீட்டில் வேறு என்ன செய்யலாம்?
- மாணவி, திருநெல்வேலி

வாங்குவதை இத்தோடு நிறுத்திக்கொள் மகளே. வீட்டில் ஒரு வேலையைப் பொறுப்பாக எடுத்துக்கொள். பால் பாக்கெட் உன்னுடையதாக இருக்கட்டும்.

தினமும் இரண்டு அரை லிட்டர் பாக்கெட் என்றால் வருடத்துக்கு 730 கவர். மூலையைக் கத்தரிக்கும்போது அந்தச் சின்ன முக்கோணம் தனியாக விழக் கூடாது. பாதி வெட்டியதும் நிறுத்திவிட்டால், அது கவரோடு ஒட்டிக்கொண்டு தொங்கும். தனியாக விழுந்த துணுக்கை யாரும் பொறுக்கிச் சேர்க்க முடியாது. சாக்கடைக்கோ மாட்டின் வயிற்றுக்கோதான் போகும். பாலை ஊற்றியபின் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்று. கவரைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவை. காய்ந்ததை மாதம் ஒருமுறை பழைய பேப்பர் கடையில் போட்டால் காசு தருவார்கள். கழுவாத கவரை அவர்களும் தொட மாட்டார்கள்.

அம்மாவுக்கு இதை மூன்று மாதம் நினைவுபடுத்த வேண்டிய நிலை வராமல் நீயே செய்துவிட்டால், அடுத்த வேலையை எடுத்துக்கொள்ளலாம்.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?
- வாசகி, நாமக்கல்

தொடர்ந்து ஊற்ற வேண்டாம். அதில் உப்பு செறிந்திருக்கும், தொட்டி மண்ணில் உப்புப் படிந்துவிடும். வாளியில் பிடித்துத் தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், வருகிற தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் அளவு, என்ன என்று ஒருமுறை பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. நல்ல ஆற்றுத் தண்ணீர் வருகிற எத்தனையோ வீடுகளில் இந்த இயந்திரம் தேவையே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் காவிரித் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.

என் மாமியார் எதையும் தூக்கிப் போட விடுவதில்லை. கிழிந்த வேட்டி, பழைய பேன்ட், ஹார்லிக்ஸ் பாட்டில் என்று அலமாரி முழுவதும் அடைத்து வைத்திருக்கிறார். எப்படிப் புரியவைப்பது?
- வாசகி, மதுரை

நான் உங்கள் மாமியார் பக்கம். பழைய வேட்டி அளவுக்கு நன்றாக ஈரத்தை இழுக்கிற அடுப்பங்கரைத் துணியை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. பாட்டிலில் பருப்பு போட்டு வைக்கலாம்.

அவரிடம் அந்தப் பழைய பேன்ட் காலை எடுத்துக் கொடுத்து, "அத்தை, இதில் ஒரு பை தைத்துத் தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தை மூடித் தைத்து, இடுப்புப் பட்டியை வெட்டி இரண்டு கைப்பிடி வைத்தால் ஐந்து கிலோ அரிசி தாங்கும். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தும் கடைக்காரர் இன்னும் ஏன் பை நீட்டுகிறார்? நாம் வெறுங்கையோடு போய் நிற்பதால்தான். இரண்டு பை தைக்கச் சொல்லுங்கள். ஒன்று உங்கள் வண்டியில் சீட்டுக்கு அடியில், இன்னொன்று உங்கள் கணவர் வண்டியில்.