டர்ஹம் பேராலயம்: இரண்டு நாளில், முழங்கால் வலியோடு

கேள்வி: என் மகள் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டாள். ஜனவரியில் பட்டமளிப்பு. நானும் என் வீட்டுக்காரரும் போகிறோம். ஊரில் இரண்டு முழு நாள் இருப்போம். அதில் ஒரு நாள் விழாவுக்கே போய்விடும். பிறகு லண்டனில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஊர் திரும்புகிறோம். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் தேய்மானம், படி ஏறுவது சிரமம். அங்கே இருக்கும் பெரிய சர்ச்சைப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும்? நாங்கள் இந்துக்கள், சைவம் சாப்பிடுபவர்கள். உள்ளே போக ஏதாவது கட்டுப்பாடு உண்டா? மிச்சமுள்ள ஒரு நாளில் யார்க் நகரத்துக்குப் போய்வரலாம் என்கிறாள் மகள். சரிப்படுமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: அந்த நாளில் யார்க் வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் டர்ஹம்.

உச்சரிப்பிலிருந்தே தொடங்கலாம். அந்த ஊர்க்காரர்கள் 'டர்ஹம்' என்று சொல்வதில்லை. நடுவில் இருக்கும் 'ஹ' வாயிலேயே வராது. 'டரம்' என்பதுபோல முடித்துவிடுவார்கள். ரயில் நிலைய அறிவிப்பில் நம் ஊர் வரவில்லையே என்று நீங்கள் முழிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வியர் என்ற ஆறு ஒரு பாறைக்குன்றை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. குன்றின் உச்சியில் ஒரு பக்கம் பேராலயம், எதிர்ப்பக்கம் கோட்டை, நடுவே ஒரு புல்வெளி. பழைய ஊர் என்பது இவ்வளவுதான். ஆகவே தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, ஏற்றம்தான் பிரச்சினை. கடைத்தெருவிலிருந்து மேலே போகும் வழி செங்குத்து. சில இடங்களில் உருண்டைக் கல் பாவியிருக்கும், ஜனவரி ஈரத்தில் வழுக்கும். உங்கள் வீட்டுக்காரர் அதில் நடக்கவே வேண்டாம். டாக்ஸியில் புல்வெளி வரை போய் இறங்கிக்கொள்ளலாம். அந்த ஒற்றைத் தெருவுக்குள் வண்டி நெரிசலைக் குறைக்க 2002 அக்டோபரிலேயே இரண்டு பவுண்டு கட்டணம் வைத்தார்கள். லண்டன் இதைச் செய்தது அதற்குச் சில மாதம் கழித்துத்தான். பட்டமளிப்பு நாட்களில் வண்டி எதுவரை விடுவார்கள் என்பதை மட்டும் மகளை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள்.

விழா நடப்பதே அந்தப் பேராலயத்துக்குள்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால் பலர் 'அதுதான் பார்த்தாகிவிட்டதே' என்று மறுநாள் அந்தப் பக்கமே போவதில்லை. நான் பார்த்தவரையில் பெற்றோர் செய்யும் பெரிய தவறு இது. விழாவன்று ஒரே நாற்காலியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பீர்கள். கண் மகளைத் தேடும், கை கேமராவைத் தேடும். எழுந்து சுற்றிப் பார்க்க வழியிருக்காது. சுற்றிப் பார்ப்பதற்கு மற்ற நாளை ஒதுக்குங்கள்: காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம்.

ஒரே கட்டடத்துக்கு இரண்டு தடவையா என்றால், ஆமாம். ஜனவரியில் அங்கே எட்டரை மணிக்குத்தான் வெளிச்சம் நன்றாக வரும். மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பகலில் பார்க்கும் கல்லும் இரவில் பார்க்கும் கல்லும் ஒன்றில்லை.

காலையில் உள்ளே நுழைந்ததும் தூண்களிடம் போங்கள். 1093-ல் அடிக்கல் போட்டு, சுமார் நாற்பது ஆண்டுகளில் முடித்த கட்டடம் இது. பெரிய தூண் ஒவ்வொன்றும் 6.6 மீட்டர் உயரம். அதைச் சுற்றி நூல் பிடித்தால் அதே 6.6 மீட்டர் சுற்றளவு. ஒரு ஜோடித் தூணில் வளைந்து வளைந்து ஓடும் கோடு, அடுத்த ஜோடியில் வைரக்கட்டம், வேறொன்றில் நெடுக்குவாட்டில் பள்ளம். இந்தக் கோலத்தையெல்லாம் நிற்கும் தூணில் செதுக்கவில்லை. தரையில் வைத்தே ஒவ்வொரு கல்லிலும் துண்டு துண்டாக வெட்டி, அடுக்கும்போது கோடு சேரும்படி அமைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால், கூரை முழுக்கக் கல் விலா எலும்புகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். இத்தனை பெரிய கட்டடத்தின் உயரமான கூரையை முழுவதும் இப்படிக் கல் விலாக்களால் மூடியதில் ஐரோப்பாவிலேயே முன்னோடி இதுதான். பின்னால் 'கோதிக்' என்ற பாணியில் வந்த உயரமான, ஒல்லியான பேராலயங்களுக்கெல்லாம் வழிகாட்டியது இந்தக் கூரை. என் மாமியாரை அழைத்துப்போனபோது அவர் வேறெதையும் கேட்கவில்லை. தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, 'இத்தனை கல்லை எப்படி மேலே ஏற்றினான்?' என்று ஐந்து நிமிடம் நின்றார்.

அடுத்து, மேற்குக் கோடியில், ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் தரையைப் பாருங்கள். கறுப்புக் கல்லில் ஒரு கோடு குறுக்கே போகும். ஃப்ராஸ்டர்லி பளிங்கு என்பார்கள். உண்மையில் பளிங்கில்லை, சுண்ணாம்புக்கல். உற்றுப் பார்த்தால் பழங்காலப் பவளப் பூச்சிகளின் வெள்ளைத் தடம் தெரியும். இங்கே துறவிகள் மடம் நடத்திய காலத்தில் பெண்கள் இந்தக் கறுப்புக் கோடு தாண்டிப் பீடத்தின் பக்கம் போகக் கூடாது. கத்பர்ட் என்ற புனிதருக்குப் பெண்கள் வருவது பிடிக்காது என்று ஒரு கதை கட்டியிருந்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் ஒரு பிஷப் மரியாளுக்குக் கிழக்குப் பக்கம் ஒரு சிற்றாலயம் கட்டத் தொடங்கினாராம், சுவர் விரிசல் விட்டதாம், புனிதர் கோபித்துக்கொண்டார் என்று மேற்குக் கோடிக்கு மாற்றினாராம். அஸ்திவாரக் கோளாறுக்குப் புனிதரின் மேல் பழி! பெண்களுக்கும் பட்டம் கொடுக்கலாம் என்று டர்ஹம் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கிடைத்தது 1895-ல். விழாவன்று உங்கள் மகள் அந்தக் கோட்டுக்கு அப்பால் நடந்துபோய்த்தான் பட்டம் வாங்குவாள். முதல் நாளே அந்தக் கறுப்புக் கோடு எது என்று பார்த்து வைத்துக்கொண்டால், அந்த நிமிடத்தில் உங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று தெரிந்திருக்கும்.

அப்படி மாற்றிக் கட்டிய மேற்குச் சிற்றாலயத்தில் பீட் என்ற துறவியின் கல்லறை இருக்கிறது. ஆங்கிலேயரின் வரலாற்றை முதலில் ஒழுங்காக எழுதியவர், 735-ல் இறந்தவர். கிறிஸ்து பிறப்பை வைத்து ஆண்டைக் கணக்கிட்டு எழுதும் வழக்கம் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு. நாம் இன்று கி.பி. என்று எழுதுகிறோமே, அந்தக் கணக்கு.

கத்பர்ட்டின் சமாதி கிழக்குக் கோடியில், உயரப் பீடத்துக்குப் பின்னால். அங்கே போகச் சில படிகள் ஏறவேண்டும். கைப்பிடித்து மெதுவாக ஏறினால் போதும், முடியாவிட்டால் விட்டுவிடலாம். 687-ல் இறந்த அவருடைய உடலை, வைக்கிங் என்ற கடற்கொள்ளையரின் தாக்குதலுக்குப் பயந்த துறவிகள் 875-ல் லிண்டிஸ்ஃபார்ன் தீவிலிருந்து தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். ஊர் ஊராகச் சுமந்து, கடைசியில் 995-ல் இந்தக் குன்றில் இறக்கி வைத்தார்கள். தொலைந்துபோன பழுப்பு நிறப் பசுவைத் தேடிப்போன ஒரு பெண்தான் வழி காட்டினாள் என்பது ஊர்க்கதை. அந்தப் பசுவைப் பேராலயத்தின் வெளிச்சுவரில் செதுக்கியே வைத்திருக்கிறார்கள். பெண்ணைக் கோட்டுக்கு வெளியே நிறுத்திய இடத்துக்கு வழி காட்டியது ஒரு பெண்! பொன்னும் மணியுமாக இருந்த சமாதியை இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் உடைத்துவிட்டார்கள். இப்போது இருப்பது அவர் பெயர் மட்டும் வெட்டிய ஒரு கல். அதுவே அழகு.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோபுரம் 325 படி. உங்களுக்கு வேண்டாம், மகள் எப்போதோ ஏறியிருப்பாள். அருங்காட்சியகத்துக்கு மட்டும் தனிக் கட்டணம். கத்பர்ட்டின் பழைய ஓக் சவப்பெட்டியின் துண்டுகளும், 1827-ல் கல்லறையைத் திறந்தபோது கிடைத்த பொற்சிலுவையும் அங்கே இருக்கின்றன. வடக்கு வாசல் கதவில் சிங்கமுகத் தட்டுவளையம் ஒன்று தொங்கும்; அது நகல், அசல் அருங்காட்சியகத்தில். கொலை செய்துவிட்டு ஓடிவந்தவன்கூட அதைப் பிடித்துத் தட்டினால் 37 நாள் அடைக்கலம் கிடைத்தது. அதற்குள் சரணடைவதா, நாட்டைவிட்டுப் போவதா என்று அவன் முடிவெடுக்க வேண்டும். எதிரே உள்ள கோட்டைக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும், படிகளும் உண்டு. அங்கே இப்போது மாணவர்கள் குடியிருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

ஆனால் தெற்குப் பக்கம் இருக்கும் பெரிய மரக் கடிகாரத்தின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1650-ல் டன்பார் போரில் இங்கிலாந்துப் படையிடம் தோற்ற ஸ்காட்லாந்து வீரர்கள் சுமார் 3,000 பேரை இந்தப் பேராலயத்துக்குள் அடைத்து வைத்தார்கள். பசியிலும் வயிற்றுப்போக்கிலும் ஏறக்குறைய 1,700 பேர் செத்தார்கள். குளிருக்கு உள்ளே இருந்த மரத்தையெல்லாம் எரித்தவர்கள், இந்தக் கடிகாரத்தில் ஸ்காட்லாந்தின் சின்னமான முட்செடிப் பூ செதுக்கியிருந்ததால் இதை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று சொல்வார்கள். செத்தவர்களை எங்கே புதைத்தார்கள் என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. 2013-ல் பக்கத்தில் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கஃபே கட்டத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன.

இப்போது மாலை. பொதுவாக ஐந்தரை மணிக்கு 'ஈவன்சாங்' என்ற மாலை வழிபாடு நடக்கும். ஏறக்குறைய முக்கால் மணி நேரம், கட்டணம் கிடையாது. பாடகர் குழு பாடாத நாட்களும் உண்டு, நேரமும் மாறும் என்பதால் அந்த வார அட்டவணையைப் பேராலயத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். சிறுவர் சிறுமியரும் பெரியவர்களுமாகப் பாடுவார்கள். கடைசிச் சுரம் முடிந்த பிறகும் கூரையில் ஓசை கொஞ்ச நேரம் நிற்கும். காலையில் வெறும் கல்லாகத் தெரிந்தது எதற்காகக் கட்டப்பட்டது என்பது அப்போதுதான் விளங்கும்.

இந்துக்கள் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். வாசலில் யாரும் மதம் கேட்பதில்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை; உண்டியலில் விரும்பியதைப் போடலாம். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றவும் கூடாது, தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும்! ஆண்கள் தொப்பியை எடுத்துவிடுவது வழக்கம். உங்கள் வீட்டுக்காரர் கம்பளிக் குல்லாயை மறந்துவிட வேண்டாம். வழிபாட்டில் மற்றவர்கள் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். முழங்காலுக்கு முடியாவிட்டால் உட்கார்ந்தே இருந்தாலும் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். ஈவன்சாங்கில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பதில்லை, அதனால் வாங்குவதா மறுப்பதா என்ற தர்மசங்கடமும் இல்லை. போன் மட்டும் அணைந்திருக்க வேண்டும். விழாவுக்குப் பட்டுப்புடவை கட்டப்போகிறீர்கள் என்றால், உள்ளே தெர்மல், காலில் கனத்த சாக்ஸ், மேலே முழங்காலைத் தாண்டும் கோட்டு. புகைப்படத்துக்காகக் கோட்டை இரண்டு நிமிடம் கழற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயமில்லை. பேராலயத்திலேயே கஃபே இருக்கிறது. கீழே இறங்கினால் 1851-ல் திறந்த உள்ளரங்கச் சந்தையும் கடைத்தெருவும். வேகவைத்த முழு உருளைக்கிழங்கில் சீஸோ பீன்ஸோ போட்டுத் தருவது எங்கும் கிடைக்கும். காய்கறி சூப் என்றாலும், கோழிச்சாறு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அந்த வட்டாரத்தில் 'பீஸ் புடிங்' என்று ஒன்று உண்டு. உடைத்த பட்டாணியைக் குழைய வேகவைத்துக் கடைந்தது, நம் கடைந்த பருப்பின் ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் பன்றி இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்வதும் உண்டு என்பதால், கேட்காமல் தொடாதீர்கள்.

யார்க் விஷயத்துக்கு வருகிறேன். டர்ஹமிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்தான். மகள் சொல்வது அதனால்தான். ஆனால் யார்க் ஒரு நாள் கேட்கும் ஊர்: மதில்சுவர், சந்துகள், டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பேராலயம். நான்கு மணிக்கு இருட்டும் மாதத்தில், வலிக்கும் முழங்காலோடு போய்த் திரும்பினால் இரண்டு ஊரும் மனசில் நிற்காது. நீங்கள் எப்படியும் லண்டனுக்கு ரயிலில்தான் போகப்போகிறீர்கள். அந்தத் தடம் யார்க் வழியாகத்தான் போகிறது. யார்க்கில் இறங்கி ஏறும்படி டிக்கெட்டை இரண்டாக முன்பதிவு செய்து, நடுவே நான்கு மணி நேரம் விடுங்கள். பெட்டிகளை வைக்க இடம் பார்த்துவிட்டு நேராகப் பேராலயத்துக்குப் போய், 1405 முதல் 1408 வரை ஜான் தார்ன்டன் செய்த கிழக்குக் கண்ணாடிச் சாளரத்தை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடியுங்கள். படி ஏறாமல் பார்க்க இன்னொன்றும் வேண்டுமென்றால், நிலையத்துக்குப் பக்கத்திலேயே ரயில்வே அருங்காட்சியகம், இலவசம். உங்கள் வீட்டுக்காரர் அங்கிருந்து கிளம்ப மறுக்கலாம்.

டர்ஹமில் ரயில் ஏறியதும் இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். வண்டி புறப்பட்ட உடனே உயரமான கல் பாலம் ஒன்று வரும். ஊர் முழுக்கக் கீழே இருக்க, எதிர்க்குன்றின் மேல் பேராலயமும் கோட்டையும் சேர்ந்து தெரியும். ஒரு நிமிடம்கூட இருக்காது. பெட்டியை மேலே ஏற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.