மேக்னெட்டோ எந்தப் பக்கம்?

வணக்கம் சார்,

'எக்ஸ்மென் 97' என்ற மார்வெல் கார்ட்டூன் தொடரைப் பார்த்துவிட்டுப் பழைய காமிக்ஸ்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். உலோகத்தை ஆட்டிவைக்கிற மேக்னெட்டோவை மட்டும் பிடிக்கவே முடியவில்லை. ஓர் இதழில் உலக நாடுகளை மிரட்டுகிறார். இன்னொன்றில், எக்ஸ்மென் அணியை உருவாக்கிய சேவியரின் பள்ளிக்கே தலைமை ஆசிரியர். பிறகு எக்ஸ்மென்னில் ஒருவரான வால்வரினின் எலும்பிலிருந்து உலோகத்தை உருவி எடுக்கிறார். இன்னும் சில ஆண்டுகள் போனால் எக்ஸ்மென் தலைவர் சைக்ளாப்ஸ் முன் மண்டியிடுகிறார். இதெல்லாம் விற்பனைக்காக எழுத்தாளர்கள் செய்கிற வேலை என்கிறான் என் நண்பன். இன்னொருவன் "மேக்னெட்டோ சொன்னதே சரி" என்று டிஷர்ட் அடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறான். இவரை நல்லவர் கணக்கில் வைப்பதா, கெட்டவர் கணக்கிலா? இத்தனை முறை கட்சி மாறுகிறவரை எப்படிப் படிப்பது?

அன்புடன்,
ர., திருச்சி

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. அறுபது ஆண்டுகளாக மாதாமாதம் வருகிற கதையில் வில்லன் திருந்தினாலும் செய்தி, திருந்தியவன் கெட்டாலும் செய்தி. ஆனால் மேக்னெட்டோ விஷயத்தில் அதையும் தாண்டி ஒன்று இருக்கிறது. அவர் மாறுகிற இடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது தெரியும்.

1963இல் எக்ஸ்மென் முதல் இதழில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் அவரைக் கொண்டுவந்தபோது அவருக்கு ஊர் இல்லை, குடும்பம் இல்லை, கடந்தகாலம் இல்லை. அமெரிக்க ஏவுகணைத் தளம் ஒன்றைக் கைப்பற்ற வருகிற, ஆளப் பிறந்தவர்கள் மியூட்டன்ட்கள்தான் (பிறவியிலேயே அபூர்வ சக்தி உள்ளவர்கள்) என்று முழங்குகிற ஒரு வில்லன். கிட்டத்தட்ட பதினெட்டு ஆண்டுகள் அப்படியேதான் இருந்தார். நீங்கள் கேட்கிற மேக்னெட்டோ பிறந்தது 1981இல், 150ஆவது இதழில். எழுதியவர் கிறிஸ் கிளேர்மான்ட்.

அந்த இதழின் கடைசிப் பக்கங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உலக நாடுகள் அணு ஆயுதங்களைக் கைவிட வேண்டும் என்று மேக்னெட்டோ கெடு வைக்கிறார். சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் லெனின்கிராட் அவர்மீது ஏவுகணை வீசுகிறது. அவர் கப்பலை மாலுமிகளோடு சேர்த்துக் கடலுக்கடியில் நசுக்கிவிடுகிறார். எக்ஸ்மென் வருகிறார்கள், சண்டை நடக்கிறது. அவர்களில் ஆகச் சிறியவளான கிட்டி பிரைட், பதின்மூன்று வயதுப் பெண், அவருடைய கணினியை அழிக்கப் பார்க்கிறாள். கோபத்தில் மின்காந்த வீச்சால் அவளைத் தாக்குகிறார். அவள் விழுகிறாள். பக்கத்தில் வந்து பார்க்கும்போதுதான் தான் அடித்து வீழ்த்தியது ஒரு குழந்தையை என்பது அவருக்கு உறைக்கிறது. அவளைக் கைகளில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். எதிரே எக்ஸ்மென்னில் ஒருத்தியான ஸ்டார்ம் நிற்கிறாள். அவளிடம்தான் நாஜி வதைமுகாமான ஆஷ்விட்ஸ் பற்றிச் சொல்கிறார். தன் குடும்பத்தை விஷவாயு அறைக்கு ஓட்டிச் சென்றபோது காவலர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைச் சொல்கிறார். தான் எதை வெறுத்தாரோ அதுவாகவே ஆகிவிட்டதையும் சொல்கிறார். கிட்டி சாகவில்லை. மேக்னெட்டோ சண்டையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

இந்தக் காட்சியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றத் திருப்பங்களைப் பாருங்கள். கிளேர்மான்ட் பின்னால், 1987இல், ஒரு சிறுகதையில் அதற்கு முந்தைய காலத்தைச் சொன்னார். முகாமிலிருந்து தப்பி, மனைவி மக்டாவோடும் மகள் ஆன்யாவோடும் வின்னிட்சா நகருக்கு வருகிறான் அந்த இளைஞன். அவர்கள் தங்கியிருக்கும் விடுதி தீப்பிடிக்கிறது. மகளைக் காப்பாற்றப் போகவிடாமல் ஒரு கும்பல் அவனை மறிக்கிறது. குழந்தை எரிந்து போகிறாள். அவன் சக்தி வெடித்து அங்கிருந்தவர்களைக் கொல்கிறது. மக்டா பயந்து ஓடிவிடுகிறாள். அவருடைய போரின் முதல் நாள் இதுதான். 1982இல் வந்த ஒரு கிராஃபிக் நாவலில், மதவெறியர்கள் இரண்டு கறுப்பின மியூட்டன்ட் சிறுவர் சிறுமியரைச் சுட்டுக் கொன்று பள்ளி மைதானத்து ஊஞ்சலில் தொங்கவிடுகிறார்கள். விடிவதற்குள் வந்து அந்த உடல்களை இறக்குகிறவர் மேக்னெட்டோ. அந்தக் கதையில் அவர் எக்ஸ்மென்னோடு தோளோடு தோள் நின்று போராடுகிறார். 1988இல், அவருடைய பொறுப்பில் இருந்த மாணவன் டக் ராம்சி கொல்லப்படுகிறான். அதன் பிறகு, மனிதர்களும் மியூட்டன்ட்களும் சேர்ந்து வாழலாம் என்கிற சேவியரின் வழியில் அவருக்கிருந்த நம்பிக்கை கழன்றுகொண்டே போகிறது.

மகள் இறந்தாள், வெறி பிறந்தது. கிட்டி விழுந்தாள், வெறி நின்றது. மாணவன் இறந்தான், பழைய மனிதன் திரும்பி வந்தான். அவருடைய விசுவாசம் எந்தக் கட்சிக்கும் இருந்ததில்லை. அடுத்த தலைமுறை உயிரோடு இருக்க வேண்டும், அதற்கு எவன் வழி சொல்கிறானோ அவனோடு நிற்பார்; அந்த வழியில் ஒரு பிள்ளை செத்தால் விலகிவிடுவார். சேவியரோ சைக்ளாப்ஸோ, யாரிடம் போனாலும் இதே கதைதான். என் வாசிப்பில் அவர் கட்சி மாறியதே இல்லை.

சரி, அப்படியானால் டிஷர்ட் போட்ட நண்பர் சொல்வதுதான் சரியா என்றால், இல்லை. இங்கேதான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

1985இல் வந்த 199, 200ஆவது இதழ்களை எடுங்கள். வாஷிங்டனில், முகாம்களிலிருந்து உயிர் பிழைத்தவர்கள் கூடும் நிகழ்ச்சி. மேக்னெட்டோ அங்கே வந்திருக்கிறார், பக்கத்தில் அதே கிட்டி பிரைட். அவள் யூதப் பெண். போரில் காணாமல் போன தன் தாத்தாவின் சகோதரியைப் பற்றி யாருக்காவது தெரியுமா என்று கேட்க வந்திருக்கிறாள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவளைக் கொல்லப் பார்த்தவர் இன்று அவளுக்குத் துணையாக நிற்கிறார். அரசு ஆட்கள் வந்து வளைக்கிறார்கள். தப்பித்துப் போகிற சக்தி இருந்தும் அவர் சரணடைகிறார்.

பாரிஸில் சர்வதேச நீதிமன்றத்தில் விசாரணை. அவருக்காக வாதாடுகிறவர் கேப்ரியல் ஹாலர், அவரும் முகாமிலிருந்து மீண்டவர்தான். இங்கே ஒரு விசித்திரமான சட்டச் சிக்கல் வருகிறது. 1974இல் வந்த ஒரு கதையில் மேக்னெட்டோ கைக்குழந்தையாக மாற்றப்பட்டு, பிறகு மீண்டும் வளர்ந்த ஆளாக்கப்பட்டவர். எனவே அதற்கு முந்தைய குற்றங்கள் இந்த மனிதனுடையவை அல்ல, மறுபிறப்புக்குப் பின் செய்தவற்றுக்கு மட்டுமே விசாரணை என்று நீதிமன்றம் முடிவெடுக்கிறது. மிச்சம் இருப்பவற்றில் பெரியது லெனின்கிராட். அந்த மாலுமிகளுக்காக ஒருவன் பதில் சொல்லப் போகிறான் என்று நாம் காத்திருக்கும்போது நாஜி தளபதி ஸ்ட்ரக்கரின் இரட்டைப் பிள்ளைகள் தாக்குகிறார்கள். விசாரணை குலைகிறது. உடல் நொறுங்கிய சேவியர், என் பள்ளியை நீ பார்த்துக்கொள் என்று கேட்கிறார். மேக்னெட்டோ ஒப்புக்கொள்கிறார். கதை அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது.

தீர்ப்பு வரவே இல்லை, ர. என்னைப் பல ஆண்டுகளாக உறுத்துகிற இடம் இது. லெனின்கிராடில் இருந்தவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். கிட்டியைக் கையில் ஏந்தியபோது அவர் கண்ணில் பட்டது ஒரு முகம். அந்தக் கப்பலில் அவருக்கு ஒரு முகமும் தெரியவில்லை. பள்ளியை ஏற்று நடத்துவது நல்ல காரியம்தான், ஆனால் அது அந்த மாலுமிகளுக்குச் சொல்லும் பதில் ஆகாது. அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு முறை நல்ல பக்கத்துக்கு வரும்போதும் இதேதான் நடக்கிறது. புதிய அணி கிடைக்கிறது, பழைய கணக்கு மூடப்படாமலே கிடக்கிறது. "மேக்னெட்டோ சொன்னதே சரி" என்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அந்த டிஷர்ட்டும் காமிக்ஸிலிருந்தே வந்ததுதான். கிரான்ட் மாரிசன் எழுதிய காலத்தில், சேவியரின் பள்ளிக்குள் கலகம் செய்கிற ஒரு மாணவன் அணிவது அது. மேக்னெட்டோ என்ன செய்தார் என்று தெரியாமல் அவருடைய படத்தை மட்டும் நெஞ்சில் போட்டுக்கொண்ட பையன்.

மாரிசனைப் பற்றி ஒரு வார்த்தை. 2001இல் ஜெனோஷா தீவில் ஒரு கோடியே அறுபது லட்சம் மியூட்டன்ட்கள் கொல்லப்படுவதை எழுதியவர் அவர். நீங்கள் தொடரில் பார்த்த அழிவு அதிலிருந்து வந்ததுதான். பின்னால் அவரே, மேக்னெட்டோ நியூயார்க்கைப் பிடித்து மனிதர்களைச் சூளைக்கு அனுப்புவதாக எழுதினார். அதைச் செய்தது மேக்னெட்டோவே அல்ல, வேறொருவன் என்று மார்வெல் பிறகு கதையைத் திருத்திக்கொண்டது. நான் அந்தத் திருத்தத்தின் பக்கம். வதைபட்டவன் கொடுமைக்காரனாக மாறலாம், லெனின்கிராடே அதற்குச் சாட்சி. ஆனால் ஆஷ்விட்ஸில் பிணங்களை எரிக்க வைக்கப்பட்ட ஒருவன் கையாலேயே அதே சூளையைக் கட்ட வைப்பது, அந்த மனிதனைப் பற்றி இருபது ஆண்டுகள் சேர்த்து வைத்த எதையும் கேட்காமல் எழுதுவது.

பிணங்களை எரிக்க வைக்கப்பட்டது என்று சொன்னேன். அதை விரிவாகச் சொல்வது 2008இல் கிரெக் பாக் எழுத்திலும் கார்மைன் டி ஜான்டொமெனிகோ ஓவியத்திலும் ஐந்து இதழ்களாக வந்த இளமைக் கதை. மேக்ஸ் ஐசன்ஹார்ட் என்ற ஜெர்மானிய யூதச் சிறுவன் அதில் மேக்னெட்டோவாக ஆவதே இல்லை. உலோகத்தை வளைத்து யாரையும் காப்பாற்றுவதும் இல்லை. சூளை வேலைக்குத் தள்ளப்பட்ட கைதிகளில் ஒருவனாக உயிரோடு இருக்கிறான், அவ்வளவுதான். உண்மையிலேயே அந்த வேலை செய்த கைதிகளில் சிலர் தாங்கள் கண்டதை எழுதி முகாமின் மண்ணிலேயே புதைத்து வைத்தார்கள். போருக்குப் பின் அவை தோண்டி எடுக்கப்பட்டன. 1944 அக்டோபரில் அவர்கள் நடத்திய கலகமும் வரலாறு. ஒரு சூப்பர்ஹீரோ நிறுவனம் தன் பெரிய வில்லனின் கதையில் சூப்பர் சக்தியை ஓரமாக வைத்துவிட்டு வரலாற்றுக்கு இடம் விட்டது என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

உங்கள் நண்பரின் விற்பனைக் கணக்குக்கு வருகிறேன். 1991இல் ஜிம் லீ ஓவியத்தில் வந்த புதிய எக்ஸ்மென் முதல் இதழ் எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. மேக்னெட்டோ மறுபடி எதிரி. ஆக, வியாபாரம் இருந்தது உண்மை. ஆனால் அதே கதையின் இரண்டாம், மூன்றாம் இதழ்களில் கிளேர்மான்ட் என்ன செய்தார் தெரியுமா? மேக்னெட்டோ கைக்குழந்தையாக இருந்தபோது மரபணு விஞ்ஞானி மொய்ரா மெக்டாகர்ட் அவருடைய மரபணுவில் கைவைத்திருக்கிறார் என்பது வெளிவருகிறது. அப்படியானால் நான் திருந்தியது என் விருப்பமா, இவள் செய்த வேலையா என்று அவர் கொதிக்கிறார். கடைசியில், ஒரு மியூட்டன்ட் தன் சக்தியைப் பயன்படுத்திய மாத்திரத்தில் அந்த மாற்றம் உதிர்ந்துவிடும் என்று தெரிகிறது. அவர் திருந்தியதும் அவர் முடிவு, திரும்பியதும் அவர் முடிவு. பதினாறு ஆண்டுகள் எழுதிய தொடரைவிட்டு கிளேர்மான்ட் விலகியது அந்த மூன்றாம் இதழோடு. போகிறபோது அவர் மேக்னெட்டோவுக்கு எந்தச் சாக்கும் விட்டுவைக்கவில்லை.

அதன் பின் வந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். வால்வரினின் உலோகத்தை உருவியது 1993. சைக்ளாப்ஸ் முன் மண்டியிட்டது 2009. பெரிய காட்சிகள்தான், ஆனால் அவரைப் பற்றிப் புதிதாக அதிகம் சொல்வதில்லை. 2019இல் ஜோனதன் ஹிக்மன் அமைத்த க்ரகோவா வேறு ரகம். மியூட்டன்ட்களுக்கென்று ஒரு நாடு கிடைத்ததும், மனிதனைக் கொல்லக் கூடாது என்பது அங்கே சட்டமாகிறது. அந்தச் சட்டத்தை இயற்றிய சபையில் மேக்னெட்டோவும் உட்கார்ந்திருக்கிறார். லெனின்கிராடை மறக்காமல் அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

நல்லவர் கணக்கா கெட்டவர் கணக்கா என்று கேட்டீர்கள். எந்தக் கணக்கிலும் இப்போதைக்குச் சேர்க்காதீர்கள். 150, 199, 200 ஆகியவற்றை இந்த வரிசையில் படியுங்கள், பிறகு 1991இன் மூன்று இதழ்கள், கடைசியாக 2008இன் இளமைக் கதை. டிஷர்ட் நண்பருக்கும் 150ஐக் கொடுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.