தேய்ப்பதற்கு முன் ஊற வையுங்கள்: வீட்டுக் குறிப்புகள், கேள்வி பதில்

கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். இதற்கெல்லாம் தனியாகப் பொருள் வாங்க வேண்டியதில்லை. சமையல் சோடா, வினிகர், பாத்திரம் கழுவும் திரவம், சூடான தண்ணீர், பழைய துணி, இவ்வளவு போதும். ஒவ்வொரு குறிப்போடும் காரணத்தையும் முடிந்தவரை சொல்கிறேன். காரணம் தெரிந்தால், ஒரு பொருள் இல்லாதபோது வேறு எதை எடுக்கலாம், எந்த இடத்தில் அதைப் போடவே கூடாது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

அக்கா, எவர்சில்வர் பாத்திரம் அடிப்பிடித்துக் கருகிவிட்டது. கம்பி நாரால் அரை மணி நேரம் தேய்த்தேன். கை வலிதான் மிச்சம்.

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். கருகிய இடம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் மரக்கரண்டியால் தள்ளிப் பாருங்கள், கருகல் பெரும்பாலும் பட்டை பட்டையாகப் பெயர்ந்து வரும். சோடாவுக்குக் காரத்தன்மை உண்டு. அது பிடித்துக்கொண்டிருக்கும் கொழுப்பையும் கருகலையும் கொஞ்சம் கொஞ்சமாக இளக்குகிறது. அதற்கு நேரம் கொடுத்தால் உங்கள் கைக்கு வேலை குறைவு.

இதே முறையை அலுமினியப் பாத்திரத்தில் செய்யாதீர்கள். காரம் பட்டால் அலுமினியம் கறுத்துவிடும். அதற்குப் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில சொட்டு விட்டுக் கொதிக்க வைத்து ஊற வைத்தாலே போதும். நான்-ஸ்டிக் பாத்திரத்தின் பக்கம் கம்பி நாரைக் கொண்டு போகவே கூடாது.

சிங்க் அடைத்துக்கொண்டால் சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றச் சொல்கிறார்களே. நன்றாக நுரைக்கிறது, ஆனால் அடைப்பு போகவில்லை. அளவு தப்பா?

அளவு தப்பில்லை. அந்த முறையே சரியில்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மிக அதிகமாகப் பகிரப்படும் குறிப்பு இதுதான்.

சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். நுரையாகப் பொங்குவது கரியமில வாயு. பொங்கி அடங்கிய பிறகு மிஞ்சுவது தண்ணீரும் சோடியம் அசிடேட் என்ற உப்பும்தான். அந்தத் தண்ணீருக்குக் கொழுப்பைக் கரைக்கும் சக்தியும் இல்லை, முடியைக் கரைக்கும் சக்தியும் இல்லை. தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே நல்ல பொருள்கள். ஒன்றாக ஊற்றும்போது இரண்டையும் வீணாக்குகிறோம்.

சமையலறை சிங்க் என்றால் அடைப்பு பெரும்பாலும் உறைந்த கொழுப்பு. பாத்திரம் கழுவும் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, பின்னாலேயே நல்ல சூடான தண்ணீரை மெதுவாக விடுங்கள். பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், குழாய் இளகி இணைப்பு விட்டுப்போகும். போகவில்லையா? ரப்பர் குவளை வைத்த அடைப்பு நீக்கியை எடுங்கள். சிங்க்கில் மேல்பக்கம் ஒரு வழிந்தோடும் துளை இருக்கும், அதை ஈரத்துணியால் இறுக்கி அடைத்துவிட்டு அழுத்தி இழுக்க வேண்டும். துளையை மூடாமல் அழுத்தினால் காற்று அந்த வழியாகப் போய்விடும். பலருக்கு வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான். அதற்கும் அசையவில்லை என்றால், சிங்க்குக்குக் கீழே வளைந்து போகும் குழாய்க்கு அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, அதன் மரையைக் கையால் திருகிக் கழற்றுங்கள். அடைப்பு பெரும்பாலும் அந்த வளைவில்தான் உட்கார்ந்திருக்கும். குளியலறை என்றால் முடிதான். முனை வளைத்த கம்பியால் இழுத்து எடுப்பதை விடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒன்றை மட்டும் எல்லோரும் தயவு செய்து மனதில் வையுங்கள். பிளீச்சோடு வினிகரையோ வேறு எந்த அமிலத்தையோ கலந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானோடு கலந்தால் குளோரமின் வாயு வரும். இரண்டுமே நுரையீரலைத் தாக்கும். மூடிய குளியலறையில் இது உயிருக்கே ஆபத்து. சுத்தம் செய்யும் திரவங்களை ஒரு நாளும் கலக்காதீர்கள். ஏற்கெனவே ஒன்றை ஊற்றியிருந்தால், நிறையத் தண்ணீர் விட்டு அலசாமல் அடுத்ததைத் திறக்கவும் வேண்டாம்.

கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஏடு படிந்திருக்கிறது. சுரண்டலாமா?

சுரண்ட வேண்டாம். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புப் படிவு. வினிகரும் தண்ணீரும் சம அளவு ஊற்றிக் கொதிக்க வைத்து, அரை மணி நேரம் விட்டுக் கொட்டுங்கள். அப்புறம் வெறும் தண்ணீரை இரண்டு முறை கொதிக்க வைத்துக் கொட்டினால் வாடையும் போய்விடும். வினிகர் வாடை பிடிக்காதவர்கள் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத் தூள் போடலாம். குழாய் நுனியிலும் ஷவர் தலையிலும் படிவது இதேதான். ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, ஷவர் தலை அதில் மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி ஒரு மணி நேரம் விடுங்கள்.

அப்படியானால் சமையலறை மேடையையும் வினிகரால் துடைக்கலாமா? எங்கள் மேடை மார்பிள்.

கூடாது. மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான்! கெட்டிலில் ஏட்டைக் கரைத்த அதே வினிகர் உங்கள் மேடையையும் கரைக்கும். பளபளப்பு போய் மங்கலான திட்டு விழும், அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. எலுமிச்சைச் சாறு சிந்தினாலும் உடனே துடைத்துவிடுங்கள். மார்பிளுக்குச் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு உலர்ந்த துணி.

வெங்காயம் நறுக்கினாலே கண்ணில் தாரை தாரையாகக் கொட்டுகிறது. வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டும் பார்த்துவிட்டேன்.

வெங்காயத்தின் செல்கள் உடையும்போது உள்ளே தனித்தனியாக இருந்த பொருள்கள் கலந்து, கண்ணை எரிக்கும் ஒரு கந்தக வாயு உருவாகிறது. இதற்கென்றே வெங்காயத்தில் தனியாக ஒரு நொதி (என்சைம்) இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் கண்டுபிடித்தார்கள். ஆக, செய்ய வேண்டியது மூன்று: செல்கள் குறைவாக நசுங்க வேண்டும், நொதி மந்தமாக வேண்டும், வாயு கண்ணுக்கு வரக் கூடாது. முதலாவதற்குக் கூர்மையான கத்தி. இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். மழுங்கிய கத்தி வெங்காயத்தை நறுக்குவதில்லை, நசுக்குகிறது. அது வழுக்கிக் கையையும் வெட்டும். இரண்டாவதற்கு, நறுக்குவதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்றாவதற்கு, காற்று உங்கள் முகத்தைவிட்டு வெளியே போகும்படி ஒரு விசிறியைத் திருப்பி வையுங்கள். வாயில் வைக்கும் தண்ணீருக்கும் கண்ணுக்கு வரும் வாயுவுக்கும் சம்பந்தமே இல்லை.

அவித்த முட்டை உரிக்கும்போது வெள்ளைக்கரு ஓட்டோடு பிய்ந்து வருகிறது, அம்மா.

புது முட்டையாக இருக்கும், கண்ணு. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நாள் ஆக ஆக அவற்றின் வழியே கரியமில வாயு வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடும். அப்போது அது உள்சவ்வில் அவ்வளவாக ஒட்டாது. அதனால் அவிக்க ஒரு வாரம் பழைய முட்டையே நல்லது. புதுசுதான் இருக்கிறது என்றால், பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றாமல், கொதிக்கும் தண்ணீரில் கரண்டியால் மெதுவாக இறக்குங்கள். பன்னிரண்டு நிமிடம் கழித்து எடுத்து நேராகக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய கண்ணாடித் தம்ளர்கள் சிக்கிக்கொண்டன.

உள்ளே இருக்கும் தம்ளரில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, வெளித் தம்ளரை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள். உள்ளது சுருங்கும், வெளியில் இருப்பது விரியும், கழன்று வரும். கொதிநீர் வேண்டாம், கண்ணாடியில் விரிசல் விழுந்துவிடும்.

ஜாம் பாட்டில் மூடி?

அதே கணக்குதான். சூடான தண்ணீரை மூடியின் மேல் மட்டும் அரை நிமிடம் விடுங்கள். உலோகம் கண்ணாடியைவிட அதிகம் விரியும். புது பாட்டில் என்றால் உள்ளே காற்று குறைவாக இருப்பதுதான் இறுக்கத்துக்குக் காரணம். மூடியின் ஓரத்தில் கரண்டி நுனியைச் செருகி லேசாக நெம்புங்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் காற்று உள்ளே போய்விட்டது, இனி குழந்தைகூடத் திறக்கும்.

ரத்தக் கறை பட்ட துணியை வெந்நீரில் போட்டேன். இன்னும் கெட்டியாகிவிட்டது.

வெந்நீர்தான் அப்படிச் செய்தது. ரத்தத்தில் புரதம் இருக்கிறது. சூட்டில் முட்டை உறைவதுபோல அது நூலிலேயே உறைந்துவிடும். ரத்தம், பால், முட்டை எதுவாக இருந்தாலும் முதலில் குளிர்ந்த தண்ணீர். கறை பட்ட இடத்தின் பின்பக்கமிருந்து தண்ணீர் பாயட்டும், அப்போதுதான் கறை வந்த வழியே வெளியேறும். வெள்ளைத் துணி என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில சொட்டு விடலாம். நுரைக்கும், நுரைத்ததும் அலசுங்கள். நிறத்துணிக்கு இது வேண்டாம், வெளுத்துவிடும். ஏற்கெனவே உறைந்துபோன உங்கள் துணிக்கு, என்சைம் உள்ள சலவைத் தூளைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஓர் இரவு ஊற வைத்துப் பாருங்கள்.

எண்ணெய்க் கறை பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். துணியை நனைப்பதற்கு முன்பே பாத்திரம் கழுவும் திரவத்தைக் கறையில் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். போய்விட்டதா என்று பார்த்த பிறகே இஸ்திரி போடுங்கள்.

தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் வைத்தால் சரியாகுமா?

அரிசி போனுக்குள் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி எடுப்பதில்லை, தம்பி. அதன் தூள் சார்ஜ் துளைக்குள் போய் அடைப்பதுதான் நடக்கும். உடனே அணைத்துவிடுங்கள், அதுதான் முக்கியம். உறையைக் கழற்றித் துடைத்து, துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் லேசாகத் தட்டி, விசிறிக் காற்றில் வையுங்கள். ஒரு நாளாவது சார்ஜ் போடாதீர்கள். ஹேர் டிரையர் சூடும் வேண்டாம்.

நாளைக் காலை போட வேண்டிய சட்டை இன்னும் ஈரம்.

ஒரு காய்ந்த கனமான துண்டை விரித்து, அதன்மேல் சட்டையைப் பரப்பி, இரண்டையும் பாய் போலச் சுருட்டி, மேலே முழங்காலால் அழுத்துங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். அப்புறம் ஹேங்கரில் மாட்டி விசிறிக்கு நேரே தொங்க விடுங்கள். துணியைக் காய வைப்பது சூட்டைவிட நகரும் காற்றுதான்.

மேடையில் எறும்பு வரிசை. துடைத்தால் அரை மணி நேரத்தில் திரும்பி வருகிறது.

உலர்ந்த துணியால் எறும்பை மட்டும் துடைத்திருப்பீர்கள், அது போட்டு வைத்த வாசனைத் தடம் அங்கேயே இருக்கும். சோப்புத் தண்ணீரால் வரிசை தொடங்கும் ஓட்டை வரைக்கும் துடையுங்கள். எதைத் தேடி வந்ததோ அதையும் எடுத்துவிடுங்கள்.

சின்னச் சின்னப் பழுதுகள் சில: கதவு கிறீச்சிடுகிறது, ஜிப் நகரவில்லை, ஸ்க்ரூ போட்ட மரத் துளை பெரிதாகிவிட்டது, குளித்ததும் கண்ணாடி மூடுபனி போல ஆகிறது.

கீலின் ஊசியைக் கழற்றி மெழுகுவர்த்தியைத் தேய்த்து மாட்டுங்கள். உலோக ஜிப்பின் பற்களில் பென்சில் முனையைத் தேயுங்கள், அந்தக் கிராஃபைட் வழுக்கிக் கொடுக்கும். மரத் துளைக்குள் மரப்பசை தடவிய தீக்குச்சிகளை (மருந்து முனையை உடைத்துவிட்டு) இறுக்கிச் செருகி, பசை காய்ந்ததும் ஸ்க்ரூவைத் திரும்ப முடுக்குங்கள். கண்ணாடியில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி, தெளிவாகும்வரை உலர்ந்த துணியால் துடையுங்கள். நீராவி அங்கே துளித் துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவிவிடும், முகம் தெரியும்.

வெள்ளிப் பொருள் கறுத்துவிட்டது. பற்பசை போட்டுத் தேய்க்கலாமா?

பற்பசையில் இருக்கும் நுண்ணிய தூள் வெள்ளியைக் கீறும். அந்தக் கறுப்பு அழுக்கில்லை, காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளியே சில்வர் சல்ஃபைடாக மாறியிருக்கிறது. அதைத் தேய்த்து எடுத்தால் வெள்ளியும் கூடவே போகும். ஒரு கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, பொருள் அதைத் தொடும்படி வைத்து, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த சூடான தண்ணீரை ஊற்றுங்கள். கந்தகம் அலுமினியத்துக்குத் தாவிவிடும், வெள்ளி வெள்ளியாகத் திரும்பும். சில நிமிடங்களில் கண்ணெதிரே வெளுப்பதைப் பார்க்க எனக்கு இன்றும் ஆசை. லேசாக அழுகிய முட்டை வாடை வரும், பயப்பட வேண்டாம். முத்து, கல், பசை வைத்து ஒட்டிய வேலைப்பாடு உள்ளவற்றை மட்டும் இதில் போடாதீர்கள்.

கண்ணாடிப் பாத்திரம் உடைந்துவிட்டது. பெரிய துண்டுகளைப் பொறுக்கிவிட்டேன். குழந்தை தவழும் வீடு, சிலும்பு மிஞ்சியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

குழந்தையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுச் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். பெருக்கிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாத சிலும்புகூட மின்னும். நனைத்துப் பிழிந்த தடித்த காகிதத் துண்டால் அதை ஒற்றி எடுங்கள், வெறுங்கை வேண்டாம். துடைத்த காகிதத்தைத் திருப்பிப் போடாமல் அப்படியே மடித்து, உடைந்த துண்டுகளோடு ஒரு பழைய டப்பாவுக்குள் போட்டு மூடிக் கட்டி, வெளியே 'கண்ணாடி' என்று எழுதிக் குப்பையில் வையுங்கள். குப்பை எடுக்க வருபவர் கையும் கிழியக் கூடாது. உடைந்த இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் நான்கைந்து அடி தூரம் வரை டார்ச் அடித்துப் பாருங்கள், கண்ணாடி நாம் நினைப்பதைவிட வெகுதூரம் தெறிக்கும்.